“நீங்க இங்க புதுசா?”

கேள்வி: எனக்கு 26 வயது. பிறந்ததிலிருந்து ஒரே வீடு, ஒரே தெரு. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தெருக்கோடியில் இருந்த திடலில் முதல் பள்ளம் தோண்டினார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் திடல், அப்புறம் குளம், அப்புறம் பெரிய மரம், அப்புறம் கூட விளையாடியவர்களின் வீடுகள். கல்லூரி முடித்தபோது தெருவில் மாடி இல்லாத வீடு எங்களுடையது மட்டும்தான். மரம் இருந்த இடத்தில் இப்போதும் என் கால் தானாக ஒதுங்கிப் போகிறது. அப்பா இதை முன்னேற்றம் என்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவனான தம்பிக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. போன மாதம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிர் அடுக்குமாடிக்குக் குடிவந்த ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், “நீங்க இங்க புதுசா?” என்று. உள்ளே வந்து அழுதுவிட்டேன். இப்போது எங்கள் வீட்டையும் விற்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பழைய இடங்களின் உருவம்கூட மறந்துகொண்டு வருகிறதோ என்று பயமாக இருக்கிறது. இது மனநோயா? நான் வளர்ச்சிக்கு எதிரானவளா? என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் இல்லை. உங்களுக்கு நடந்திருப்பது ஓர் இழப்பு. நீங்கள் படுவது துக்கம். பதினைந்து வருடங்களாகத் தவணை முறையில் நடந்ததால் அது துக்கம் என்று உங்களுக்கே பிடிபடவில்லை.

ஒரு மனிதர் இறந்தால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். திடல் போனதற்கு யார் வருவார்கள்? “இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?” என்றுதான் கேட்பார்கள். துக்கத்தைப் பற்றியே பல காலம் ஆராய்ந்த அமெரிக்கர் கென்னத் டோகா 1980-களின் கடைசியில் இதைத் தெளிவாக எழுதினார். சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கங்கள் உண்டு. அவற்றை வெளியே சொல்ல வழி இல்லாததால் ஆற்றிக்கொள்வதும் கடினமாகிவிடுகிறது. நீங்கள் அன்று வீட்டுக்குள் போய் அழுதீர்கள், தெருவில் அழவில்லை. அந்த ஒன்றிலேயே எனக்கு நிறையப் புரிகிறது.

இடத்துக்காக இவ்வளவு அழுகையா என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். தோன்றத் தேவையில்லை. ஜான் ஓகீஃப் என்ற ஆய்வாளர் 1971-ல் எலிகளின் மூளையில் ஒரு வகை நரம்பணுக்களைக் கண்டுபிடித்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் அவை செயல்படும். வேறு இடத்துக்குப் போனால் வேறு அணுக்கள். அந்த வேலைக்காக 2014-ல் மோசர் தம்பதியோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த அணுக்கள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான், நமக்கு நடந்தவற்றை நினைவாக்கி வைப்பதிலும் பெரும்பங்கு வகிக்கிறது. எங்கே நடந்தது, என்ன நடந்தது என்ற இரண்டும் நமக்குள் ஒட்டியே இருக்கின்றன. அதிலும் ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை, பெரியவர்கள் கையை விட்டுவிட்டு நாம் தனியாக நடந்து தெரிந்துகொள்ளும் முதல் உலகம் தெருதான். எந்தச் சுவரில் ஏறலாம், எந்த வாசலில் நாய் நிற்கும், மரத்தின் வேர் எங்கே காலைத் தடுக்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. உங்கள் கால் இன்னும் ஒதுங்குகிறது என்றால், அந்த வேரை உங்கள் உடம்பு அத்தனை நன்றாகக் கற்றிருக்கிறது. பயப்படாதீர்கள். ஒதுங்கிவிட்டே போங்கள்.

இப்படி அழுதவர்கள் உங்களுக்கு முன்பும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்ற பகுதியை 1950-களின் கடைசியில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி ஏறக்குறைய முழுவதுமாக இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து போனவர்களிடம் மார்க் ஃப்ரைட் என்ற உளவியலாளர் ஆய்வு செய்து 1963-ல் வெளியிட்டார். பெண்களில் 46 சதவீதம் பேரிடமும் ஆண்களில் 38 சதவீதம் பேரிடமும் நீண்டநாள் துக்கம் இருந்தது. அவர் ‘துக்கம்’ என்றே எழுதினார், வேறு மெல்லிய சொல்லைத் தேடவில்லை. இடித்த அமைப்பே 2015-ல் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் கேட்க வேண்டியிருந்தது என்றால் அந்தக் காயம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

ஆனால் அவர்கள் வெளியேற்றப்பட்டவர்கள், நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானவர்கள் ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கு மக்கள். அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். சுற்றிலும் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் விரிந்துகொண்டே வந்து நிலத்தின் முகமே மாறிப்போனது. வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்காக ஏங்கும் அந்த வேதனையை கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவவாதி 2000-களின் தொடக்கத்தில் விவரித்து எழுதினார். உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு அந்த மக்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சரி, இதுவரை சொன்னது உங்கள் துக்கம் நியாயமானது என்பதற்கு. இனி சொல்லப்போவது கொஞ்சம் கடினமானது.

உங்கள் விஷயத்தில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. தெரு மாறிய அதே வருடங்களில் நீங்களும் மாறினீர்கள். முதல் பள்ளம் விழுந்தபோது உங்களுக்குப் பதினொரு வயது இருக்கும். உடம்பு மாறும் வயது, நட்புகள் இடம் மாறும் வயது, விளையாட்டு தானாகக் குறையத் தொடங்கும் வயது. அதனால் மூன்று வேறு வேறு நூல்கள் ஒரே சிக்கலாகிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்தெடுத்தால்தான் எதற்கு என்ன செய்யலாம் என்பது தெரியும்.

முதல் நூல் உங்கள் குழந்தைப் பருவம். ஒன்று கேட்கிறேன், பொறுமையாக யோசியுங்கள். அந்தத் திடல் ஒரு பிடி மண்கூட மாறாமல் நாளைக்கே திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் அங்கே போய் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூட ஓடியவர்களுக்கும் இப்போது 26 வயது. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊர். சிறிது நேரம் நிற்பீர்கள், சுற்றிப் பார்ப்பீர்கள், வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவீர்கள். தெரு மாறாத ஊர்களில் வளர்ந்தவர்களுக்கும் குழந்தைப் பருவம் முடிந்துதான் போகிறது. என்றைக்கு முடிந்தது என்று சொல்ல அவர்களிடம் ஒரு நாள் இருக்காது, அவ்வளவுதான். உங்களுக்கோ கைநீட்டிக் காட்ட ஒரு பள்ளம் இருந்தது. வளர்வதில் இயல்பாகவே போகக்கூடிய எல்லாவற்றையும் அந்தப் பள்ளம்தான் விழுங்கியது என்று மனம் கணக்கு எழுதிக்கொண்டது. இதைச் சொல்வதால் உங்கள் இழப்பைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கட்டடங்கள்மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பகுதி அவற்றுக்கு உரியது இல்லை. அதை எடுத்துவிட்டால் மிச்சத்தைச் சுமப்பது சுலபமாகும்.

இரண்டாவது நூல் மனிதர்கள். நெருங்கிய தோழிகளை மட்டும் சொல்லவில்லை. பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் தினமும் பார்த்துச் சிரித்தவர்கள், “பரீட்சை முடிஞ்சுதா?” என்று போகிற போக்கில் கேட்டவர்கள். இந்த மெல்லிய உறவுகளை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி லேசாகத் தெரிந்தவர்களோடு அதிகம் பேசிய நாட்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியும், இங்கே நமக்கும் இடம் உண்டு என்ற உணர்வும் பெற்றிருந்தார்கள். உங்கள் தெருவில் அறுந்துபோனது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். “நீங்க இங்க புதுசா?” என்ற கேள்வி ஏன் அப்படித் தைத்தது? 26 வருடங்களுக்கு உங்களுக்குச் சாட்சி சொல்ல அந்த நேரத்தில் வாசலில் ஒருவர்கூட இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், மூன்றில் இது ஒன்றுதான் ஓரளவு திரும்பக் கட்டக்கூடியது. பழைய ஆட்களை வைத்து முடியாது, இருக்கிறவர்களை வைத்துத்தான் முடியும். அந்த எதிர்வீட்டுக்காரரை மறுபடியும் பார்ப்பீர்கள் இல்லையா? நீங்களே போய்ப் பேசுங்கள். “அன்னைக்குக் கேட்டீங்களே, நான் இங்கேயே பொறந்தவ. உங்க வண்டி நிக்கிற இடத்துல முன்னாடி குளம் இருந்துச்சு, தெரியுமா?” என்று சொல்லிப் பாருங்கள். புதிதாகக் குடிவருபவர்களுக்குத் தாங்கள் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை நிறைய இருக்கிறது. சொல்ல ஆள்தான் இல்லை. அவர்களும் ஏதோ ஒரு தெருவை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். திரும்ப நீங்கள் அதைக் கேட்கலாம்.

மூன்றாவது நூல்தான் மிகவும் வலிப்பது என்பது என் எண்ணம். இத்தனையும் நடந்தபோது உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வேலி போட்டிருக்கிறது. இன்னொரு நாள் மரம் இல்லை. தோழியின் வீடு காலியாவது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-லேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 1970-களில், கெவின் லிஞ்ச் என்ற நகரத் திட்டமிடல் அறிஞர் யுனெஸ்கோவுக்காக நாலு நாடுகளில் வளர்கிற பிள்ளைகளிடம் போய் உங்கள் பகுதி உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். 1990-களில் லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளர் அதே வேலையைப் புதிதாகத் தொடங்கி இன்னும் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார். பிள்ளைகள் கேட்டவை பெரிய செலவு பிடிக்கும் சமாச்சாரங்கள் இல்லை. பயமில்லாமல் நடந்து போக வழி, கொஞ்சம் பசுமை, நண்பர்களைச் சந்திக்க ஓர் இடம், இந்த ஊர் என்னையும் சேர்த்துக்கொள்கிறது என்ற எண்ணம். உங்கள் திடலும் குளமும் மரத்தடியும் இதையெல்லாம் ஒரு காசு செலவில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்தவர்கள் பதிலுக்கு எதையாவது வைத்தார்களா என்று கேட்பது வளர்ச்சிக்கு எதிரான கேள்வி இல்லை. வளர்ச்சியைப் பற்றி ஒரு குடிமகள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். உங்கள் பகுதியில் மிச்சமிருக்கும் ஒரு மரத்துக்கோ, ஒரு காலி மூலைக்கோ அடுத்த திட்டம் வரும்போது போய்க் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்பாவைப் பற்றி. அவர் முன்னேற்றம் என்று சொல்லும்போது உங்கள் துக்கத்தை மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன் அந்தத் தெருவில் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அவர் பட்ட பாடு என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? மழை நாளில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருமா? அந்தச் சிரமத்திலிருந்து அளந்தால் இன்றைய தெரு முன்னேற்றம்தான். நீங்கள் உங்கள் பத்து வயதிலிருந்து அளக்கிறீர்கள், தம்பி அவனுடைய பத்து வயதிலிருந்து அளக்கிறான். பீட்டர் கான் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் குழந்தைகளோடு 1990-களில் பேசினார். காற்று மாசு என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தங்கள் ஊரில் அது இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. நாட்டிலேயே மிகவும் மாசுபட்ட நகரங்களில் ஒன்று அது. பிறந்து கண்விழித்தபோது எது இருந்ததோ அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு தலைமுறையும் அளவுகோலை மறுபடி நட்டுக்கொள்கிறது. தம்பிக்குப் புரியாதது அவன் குற்றம் இல்லை. அவனிடம் இழப்பாகச் சொல்லாமல் கதையாகச் சொல்லிப் பாருங்கள். குளத்தில் யார் விழுந்தார்கள், யார் தூக்கினார்கள் என்று ஆரம்பித்தால் அவன் கேட்பான்.

மறந்துபோகிறதே என்ற பயத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய தாள் ஒன்று, ஒரு பென்சில். கைபேசியில் பழைய படம் எதையும் பார்க்காமல், உங்களுக்குப் பத்து வயதில் தெரு எப்படி இருந்ததோ அப்படியே வரையுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. உங்கள் வாசலில் தொடங்கி, நடந்து போகிற வரிசையில் போங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், திண்ணை எவ்வளவு உயரம், எந்த வீட்டைத் தாண்டும்போது வேகமாக ஓடுவீர்கள் என்பதையும் குறியுங்கள். சில இடங்களில் பென்சில் நின்றுவிடும். அங்கே வெறும் கட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். இரண்டு கட்டம் தள்ளி வேறு எதையோ வரையும்போது விட்டது தானாக ஞாபகம் வரும். அளவுகள் தப்பாக வரும், திடல் தெருவைவிடப் பெரிதாக இருக்கும். திருத்தாதீர்கள், அன்றைய உங்கள் கால் அளவுக்கு அது சரியான அளவுதான். கடைசியில் மிஞ்சும் வெற்றுக் கட்டங்களை அப்பாவிடம் காட்டிக் கேளுங்கள். முன்னேற்றம் என்று சொல்லும் அதே மனிதர் பென்சிலை வாங்கி வரையத் தொடங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். இன்றைய தெருவையும் சில படங்கள் எடுத்து வையுங்கள். இதுவும் நிற்கப்போவதில்லை, தம்பிக்கு ஒரு நாள் தேவைப்படும்.

பழசை நினைத்து ஏங்குவது கெடுதல் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். 1688-ல் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதினார். இன்று அப்படி யாரும் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000-களிலிருந்து நடந்துவரும் ஆய்வுகள், பழைய நினைவுகளில் கொஞ்ச நேரம் இருப்பது மற்றவர்களோடு நமக்குள்ள பிணைப்பை உணரவைக்கிறது என்று காட்டுகின்றன. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். நினைத்து முடித்ததும் யாரிடமாவது பேசத் தோன்றினால் அது நல்ல ஏக்கம். அறைக்குள் முடங்கத் தோன்றினால், தெருவில் இறங்குவதையே தவிர்த்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அது இந்தக் கடிதத்தில் தீர்க்கிற விஷயம் இல்லை.

கடைசியாக வீடு. விற்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை, விற்றுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அது உங்கள் குடும்பத்தின் வரவு செலவு, பெற்றோரின் வயது, அவர்கள் யாரை நம்பி இருக்கப்போகிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. தெருவில் கடைசியாக மிஞ்சிய மாடி இல்லாத வீடு என்பதற்காக அதைக் காவல் காக்கும் பொறுப்பை உங்கள் தோளில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு ஒரு தெருவை மீட்க முடியாது. ஆனால் இந்த முறை நீங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை இல்லை. “விலை பேசிட்டோம்” என்று முடிந்த பிறகு உங்களுக்குச் செய்தி வந்தால், அந்த மூன்றாவது நூல் இன்னும் இறுகும். வீட்டை விற்பதா, எப்போது, யாருக்கு, புதிதாகக் கட்டினால் வாசலில் ஒரு மரத்துக்கு இடம் விடுவார்களா என்று பேசும்போதெல்லாம் நானும் கூட இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தம்பியையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள், அவனுக்கும் அதுதான் பிறந்த வீடு.